விலையுயர்ந்த மென்பொருள் இல்லாமல் முதல் புகைப்படத்தைத் திருத்துவது எப்படி? நிறுவுவது முதல் அச்சு வரை

கடந்த ஐப்பசியில் என் சித்தி மகளுடைய நிச்சயதார்த்தம் தக்கலையில் நடந்தது. படம் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. எடுத்த படங்களைச் சற்றே திருத்திக் கொடுக்கலாம் என்று நினைத்து, தொழில்முறைக் கலைஞர்கள் பயன்படுத்தும், மாதச் சந்தா கட்ட வேண்டிய ஒரு மென்பொருளின் இலவச முன்னோட்டப் பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். அட்டை எண்ணைக் கொடுத்த பிறகே பதிவிறக்கம் தொடங்கியது. முதலில் வந்தது சில எம்பி அளவுள்ள ஒரு சிறு கோப்பு. அதைத் திறந்ததும் அது பல ஜிபி அளவுக்கு மறுபடியும் இறக்கத் தொடங்கியது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. 82 சதவீதத்தில் பச்சைக் கோடு நின்றது, இணையம் போனது, மீண்டும் வந்தபோது ஒரு பிழை எண் மட்டும் திரையில் இருந்தது. மூன்று இரவுகள் இப்படியே கழிந்தன. "மக்களே, படம் எப்பம் கிடைக்கும்?" என்று சித்தி நான்கு முறை அழைத்துவிட்டார்.

ஒருவழியாக நிறுவி முடித்தபோது என் 4 ஜிபி ரேம் கணினி அதைத் தாங்கவில்லை. ஒரு படத்தைத் திறந்தாலே விசிறி இரைந்தது. மென்பொருளை நீக்கிவிட்டேன், ஆனால் சந்தாவை நிறுத்த மறந்துவிட்டேன். மென்பொருளைக் கணினியிலிருந்து நீக்குவதும் சந்தாவை ரத்து செய்வதும் வெவ்வேறு வேலைகள் என்பது பணம் பிடிக்கப்பட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. ரத்து செய்யப் போனால், அது மாதத் தவணையில் கட்டும் ஆண்டுத் திட்டம் என்றும், இடையில் விலகினால் கட்டணம் உண்டு என்றும் காட்டியது.

இந்த அலைச்சல் புதிதாகத் தொடங்கும் வேறு யாருக்கும் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நிறுவல் தோற்றுப்போனால் "எனக்குக் கணினி வராது" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது அவர்களுடைய குறை அன்று. வீட்டு விசேஷப் படம், சுற்றுலாப் படம், விண்ணப்பப் படம் ஆகியவற்றுக்கு அந்த மென்பொருள்கள் தேவையே இல்லை. ஜிம்ப் என்ற கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய மென்பொருள், போதும். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் ஆகிய இருவர் தொடங்கி 1996இல் பொதுவெளியில் விட்ட அதை, இன்று தன்னார்வலர்கள் வளர்த்துவருகிறார்கள். 2025 மார்ச்சில் அதன் 3.0 பதிப்பு வந்தது. அட்டை எண் கேட்காது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, இணையம் இல்லாமலும் இயங்கும்.

படி 1: பழைய சந்தா இருந்தால் முதலில் அதை முடியுங்கள்

ஏற்கெனவே ஏதேனும் முன்னோட்டப் பதிப்புக்கு அட்டை எண் கொடுத்திருந்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து சந்தாவை ரத்து செய்யுங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்ததா என்றும் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு உங்களுக்கு முன்னறிவிப்பு வர வேண்டும். எனக்கும் அந்தக் குறுஞ்செய்தி வந்திருந்தது, விளம்பரங்களுக்கு நடுவே அதை நான் கவனிக்கவில்லை. 2022 முதல் இத்தகைய சந்தாக்களுக்கு ஒரு முறைக்கு 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே பணம் பிடிக்கலாம் என்பதால், இந்தக் குறுஞ்செய்தியை அலட்சியம் செய்யக் கூடாது.

படி 2: கணினியைச் சரிபாருங்கள்

விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்ற பக்கத்தில் ரேம் எவ்வளவு என்று தெரியும். 4 ஜிபி இருந்தால் ஜிம்ப் ஓடும், 8 ஜிபி இருந்தால் தாராளம். விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். சி டிரைவில் சில ஜிபி காலியிடம் இருக்கட்டும். நிறுவல் பாதியில் நிற்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் அந்த டிரைவ் நிரம்பியிருப்பதுதான்.

படி 3: சரியான இடத்திலிருந்து இறக்குங்கள்

தேடுபொறியில் பெயரைத் தட்டி முதலில் வருவதைச் சொடுக்காதீர்கள். முகவரிப் பட்டையில் ஜிம்ப் டாட் ஆர்க் (gimp.org) என்று நீங்களே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். இது வீண் பயம் அன்று: 2022இல் இதே மென்பொருளின் பெயரில் ஒரு போலித் தளம் கூகுள் விளம்பரமாகவே காட்டப்பட்டது, அதிலிருந்து இறக்கியவர்களுக்குக் கிடைத்தது கடவுச்சொற்களைத் திருடும் நிரல். தளத்தில் சில பொத்தான்கள் இருக்கும். ஒன்று டொரண்ட் வழியாக இறக்குவதற்கு, மற்றொன்று நேரடியாக இறக்குவதற்கு. நேரடிப் பொத்தானை அழுத்துங்கள். சில நூறு எம்பி அளவுள்ள முழுக் கோப்பும் ஒரே முறையில் வந்துவிடும். ஆகவே நிறுவும் நடுவில் மின்சாரமோ இணையமோ போனாலும் மறுபடி இறக்க வேண்டியதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விலையுயர்ந்த மென்பொருளின் பூட்டு உடைத்த பதிப்பைப் பென்டிரைவில் தருகிறேன் என்று யாராவது அன்போடு முன்வருவார்கள். அதை நிறுவும்போது முதல் நிபந்தனையாக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் இருக்கும் கணினியில் காவலை நாமே விலக்கி, யார் எழுதியது என்றே தெரியாத நிரலை உள்ளே விடுவது எவ்வளவு ஆபத்தானது என்று எண்ணிப் பாருங்கள்.

படி 4: நிறுவுங்கள்

இறக்கிய கோப்பை இருமுறை சொடுக்கி, மொழியைத் தேர்ந்தெடுத்து, இன்ஸ்டால் என்பதை அழுத்தினால் போதும். முதல் முறை திறக்கும்போது மட்டும் நேரம் எடுக்கும். கணினியில் உள்ள எழுத்துருக்களை அது அப்போதுதான் படித்துக்கொள்கிறது. பழைய பாமினி முதலான எழுத்துருக்களை நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர்கள் இன்னும் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். மாட்டிக்கொண்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

படி 5: தொடுவானத்தை நேராக்குங்கள்

பயிற்சிக்கு நம் எல்லோரிடமும் இருக்கும் ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம்: கன்னியாகுமரிக் கடற்கரையில் கைபேசியில் எடுத்த, சூரிய உதயமும் திருவள்ளுவர் சிலையும் உள்ள படம். முதலில் அந்தப் படத்துக்கு ஒரு நகல் எடுத்து, நகலை ஃபைல், ஓப்பன் வழியாகத் திறங்கள். படத்தைச் சுழற்றவா என்று கேட்டால் ரொடேட் என்று கொடுங்கள்.

கடற்கரைப் படங்களில் கண்ணை முதலில் உறுத்துவது சாய்ந்த கடல். ஷிஃப்டும் எம் விசையும் சேர்த்து அழுத்தினால் மெஷர் கருவி வரும். கடலும் வானமும் சந்திக்கும் கோட்டின் இடது முனையில் அழுத்திப் பிடித்து, அதே கோட்டின் வலது முனை வரை இழுத்து விடுங்கள். பிறகு கருவிக்கான அமைப்புப் பகுதியில் உள்ள ஸ்ட்ரெய்ட்டன் பொத்தானை அழுத்தினால் படம் நேராகிவிடும்.

சிலையை வைத்து ஏன் நேராக்கக் கூடாது என்று கேட்கலாம். 38 அடிப் பீடமும் 95 அடிச் சிலையுமாக 133 அடி உயரம் நிற்கும் அந்த வள்ளுவரை, கணபதி ஸ்தபதி இடுப்பில் ஒரு மெல்லிய ஒசிவோடுதான், அதாவது வளைவோடுதான், வடித்திருக்கிறார். அந்த ஒசிவைச் சாய்வு என்று எண்ணி நிமிர்த்தினால் கடல் கவிழ்ந்துவிடும், சிற்பியின் அழகும் கெட்டுவிடும். 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட 77 மீட்டர்க் கண்ணாடிப் பாலத்தையும் அளவுகோலாகக் கொள்ள முடியாது. நாம் நிற்கும் கோணத்தைப் பொறுத்து அது சரிந்து தெரியும். தொடுவானம் ஒன்றையே நம்புங்கள்.

படி 6: வெட்டுங்கள்

நேராக்கியதும் மூலைகள் காலியாகத் தெரியும். ஷிஃப்டும் சி விசையும் அழுத்தி வெட்டும் கருவியை எடுங்கள். அதன் அமைப்பில் ஃபிக்ஸ்ட் என்பதைத் தேர்ந்து, ஆஸ்பெக்ட் ரேஷியோ பெட்டியில் 3:2 என்று எழுதுங்கள். இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. கைபேசிப் படங்கள் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் இருக்கும்; நாம் அச்சிடும் 4க்கு 6 அங்குலத் தாளோ 3:2 விகிதம். 4000க்கு 3000 புள்ளிகள் (பிக்சல்) உள்ள படத்தில் 333 வரிகள் எப்படியும் போயாக வேண்டும். எதை விடுவது என்று நீங்கள் முடிவு செய்யாவிட்டால் அச்சு இயந்திரம் முடிவு செய்யும், வள்ளுவரின் தலை போனாலும் அதற்குத் தெரியாது. வேண்டிய பகுதியைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து என்டர் அழுத்துங்கள்.

படி 7: வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்

படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆகவே நிதானமாகச் செய்யுங்கள். கலர்ஸ் பட்டியலில் லெவல்ஸ் என்பதைத் திறந்தால் மலைத்தொடர் போன்ற ஒரு வரைபடம் தெரியும். இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம். கடலோரக் காலையில் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் படத்தில் ஒரு வெண்புகை படர்ந்திருக்கும். அந்த வெண்புகை வரைபடத்தின் இடது ஓரத்தில் வெற்றிடமாகக் காணப்படும். கீழே உள்ள கறுப்பு முக்கோணத்தை, மலை தொடங்கும் இடம் வரை வலப்பக்கம் நகர்த்துங்கள். கண்ணெதிரே புகை விலகி, பாறையின் கருமை எழுந்து வரும். வெள்ளை முக்கோணத்தைத் தொட வேண்டாம். சூரிய வட்டம் ஏற்கெனவே வெளுத்திருக்கிறது, நகர்த்தினால் வானமும் வெளுத்துவிடும். சிலை மிகவும் இருண்டிருந்தால் நடு முக்கோணத்தை மட்டும் சிறிது இடப்பக்கம் தள்ளுங்கள்.

அதே பெட்டியில் ஆட்டோ என்று தொடங்கும் ஒரு பொத்தான் இருக்கும். உதயப் படத்துக்கு அதை அழுத்தாதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் அது தனித்தனியே இழுத்து நீட்டுவதால், விடியலின் செம்மஞ்சள் குறைந்து வானம் பகல் வானம் போல் ஆகிவிடும். எந்த ஒளிக்காக இருட்டில் எழுந்து கடற்கரைக்குப் போனோமோ அந்த ஒளியே போய்விடும்.

3.0 பதிப்பில் இன்னொரு வசதி உண்டு. இப்படிச் செய்த மாற்றம், படம் இருக்கும் அடுக்கின்மேல் (லேயர்) தனியாக நிற்கிறது. அடுக்குப் பட்டியலில் உள்ள எஃப்எக்ஸ் குறியை அழுத்திப் பிறகும் அதை மாற்றலாம். எனவே தவறு செய்துவிடுவோமோ என்று தயங்க வேண்டியதில்லை.

படி 8: புள்ளிகளை நீக்குங்கள்

முட்டத்திலோ குளச்சலிலோ கடற்கரையில் சிறிது நேரம் நின்றாலே உப்புத் திவலை லென்ஸில் படிந்து, வானத்தில் மங்கலான வட்டங்களாக விழும். எச் விசையை அழுத்தி ஹீல் கருவியை எடுங்கள். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பக்கத்தில் உள்ள சுத்தமான வானத்தை ஒருமுறை சொடுக்குங்கள். பின்பு அந்தப் புள்ளிமேல் சொடுக்குங்கள். தூரிகை புள்ளியைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் தடம் தெரியாது.

படி 9: சேமியுங்கள், பிறகு ஏற்றுமதி செய்யுங்கள்

தொடக்கக்காரர்கள் பலர் தடுமாறும் இடம் இது. சேவ் செய்தால் எக்ஸ்சிஎஃப் என்ற கோப்புதான் கிடைக்கும். அது ஜிம்பில் மறுபடி வேலை செய்வதற்கானது, வாட்ஸ்அப்பிலோ ஸ்டூடியோவிலோ திறக்காது. அதை வைத்துக்கொண்டு, ஃபைல் பட்டியலில் எக்ஸ்போர்ட் ஆஸ் என்பதைத் திறந்து, கோப்பின் பெயர் முடிவில் புள்ளி வைத்து ஜேபிஜி என்று ஆங்கிலத்தில் எழுதி, தரம் 90 அளவில் கொடுங்கள். 4க்கு 6 அங்குல அச்சுக்கு 1800க்கு 1200 புள்ளிகள் இருந்தால் 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள், கிடைக்கும். அதைவிடக் கூடுதலாக இருந்தால் குறைக்க வேண்டியதில்லை.

விண்ணப்பப் படத்துக்கும் இதே வழிதான். 35க்கு 45 மில்லிமீட்டர் படம் என்றால் 413க்கு 531 புள்ளிகள். வெட்டும்போது 3:2க்குப் பதிலாக 35:45 என்று எழுதுங்கள், பிறகு இமேஜ் பட்டியலின் ஸ்கேல் இமேஜில் அந்த அளவைக் கொடுக்கலாம். ஒரு 4க்கு 6 தாளில் நான்கு நான்காக இரண்டு வரிசையில் எட்டுப் படங்கள் அடங்கும். கேபி அளவு கூடினால் ஏற்றுமதியின்போது தரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

ஜிம்பால் முடியாதவையும் உண்டு. ஆஃப்செட் அச்சகத்துக்கான, நான்கு மைகளின் அடிப்படையிலான சிஎம்ஒய்கே நிறமுறையிலேயே முழு வேலையையும் செய்ய அதில் இயலாது. கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்புகளுக்கு டார்க்டேபிள் அல்லது ராதெரபியைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டும் இலவசம். திருமண ஆல்பம் வடிவமைப்பதையே தொழிலாகக் கொண்டு, மாதம் முழுவதும் அதில் அமர்பவர் சந்தா கட்டுவது நியாயமே. ஆண்டுக்குப் பத்து விசேஷங்களுக்குப் படம் எடுக்கும் என்னைப் போன்றவர் கட்டத் தேவையில்லை.

படி 10: அச்சுக்குக் கொடுங்கள்

ஏற்றுமதி செய்த ஜேபிஜி கோப்பைப் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, எந்த ஸ்டூடியோவானாலும் அச்சு இயந்திரத்தில் தானியங்கி நிறத்திருத்தம் ஒன்று இருக்கும். லெவல்ஸில் நாம் காப்பாற்றிய செம்மஞ்சளை அது ஒரு நொடியில் வெளுக்கச் செய்துவிடும். ஆகவே கவுண்டரில் பென்டிரைவைக் கொடுக்கும்போதே, "அண்ணே, ஆட்டோ கரெக்‌ஷன் போடாம அப்படியே பிரிண்ட் எடுத்துத் தாங்க" என்று சொல்லிவிடுங்கள். முதலில் ஒரே ஒரு படம் எடுத்து, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, பிறகு மற்றவற்றை எடுக்கச் சொல்லுங்கள்.