தருமபுரியிலிருந்து ஜெர்மன் பட்டப்படிப்பு: தமிழ்வழியில் படித்தவர்கள் தொடங்குவது எப்படி?

ஒவ்வொரு ஆண்டும் பிளஸ் டூ முடிவு வந்ததும் ஊர்ப் பிள்ளைகள் சிலர் என்னைக் கூப்பிடுவார்கள். அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கம். "அக்கா, ஜெர்மன் படிக்கலாம்னு இருக்கேன். ஆனா நான் தமிழ் மீடியம், இங்கிலீஷே தடுமாறும். முடியுமா?"

முடியும். நானும் பாலக்கோடு பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டுத்தான் ஜெர்மனில் எம்.ஏ. முடித்தேன். ஆங்கிலத்தை முழுதாகக் கற்றுவிட்டு அப்புறம் ஜெர்மனுக்குப் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்து ஒரு வருடத்தை இழந்தேன். உங்கள் தமிழ் இலக்கணத்திலிருந்தே ஜெர்மனுக்கு நேர்வழி இருக்கிறது. அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு தெளிவு. மொழி வகுப்பு வேறு, பல்கலைக்கழகப் படிப்பு வேறு. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை மொழித்திறனை அளப்பவை. பட்டப்படிப்பில் மொழியோடு இலக்கியம், மொழியியல், மொழிபெயர்ப்பு, ஜெர்மன் பேசும் நாடுகளின் வரலாறும் பண்பாடும் சேர்ந்து வரும். நாடுகள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தின் பெரும்பகுதியும் இதே மொழிதான் பேசுகின்றன. வேலைக்கு மட்டும் மொழி வேண்டுமென்றால் பி2 வரை வகுப்பில் படித்தால் போதும், மூன்று வருடப் பட்டம் தேவையில்லை. கதை, கவிதை, வரலாறு என்றால் கண் விரிகிறவர்களுக்குத்தான் இந்தப் படிப்பு.

படி 1: வாயைப் பழக்குங்கள், தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள்

இந்தப் பதிவில் ஜெர்மன் சொற்களை வாசிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் நோட்டில் அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். ஜெர்மனில் தோட்டத்துக்கு ஒரு சொல், சீட்டுகளுக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் 'கார்ட்டன்'தான். தோட்டத்துக்குத் தொண்டை அதிரும் 'க', 'கங்கை' என்பதில் இரண்டாவதாக வருவது. சீட்டுகளுக்கு 'கல்' என்பதில் வரும் 'க'. தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் வல்லினம் அதிராது என்பதால் நம் நாக்கு தோட்டத்தையும் சீட்டாக்கிவிடும். ப, ட வரிசைகளிலும் இதே சிக்கல். முதல் இரண்டு வாரம் இதற்கே கொடுங்கள்.

இரண்டு புள்ளி வைத்த உயிரெழுத்துகளுக்கு ஒரு வழி: 'ஈ' என்று நீட்டிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ' போலக் குவியுங்கள். அதுதான் புள்ளி வைத்த 'உ'. 'ஏ' என்று நீட்டிக்கொண்டு 'ஓ' போலக் குவித்தால் புள்ளி வைத்த 'ஒ'. கண்ணாடி முன்னால் நின்று செய்யுங்கள்.

படி 2: பள்ளியில் படித்த வேற்றுமை உருபுகளை மறுபடி எடுங்கள்

நான் அதிகம் பேச விரும்புவது இந்தப் படியைப் பற்றித்தான்.

ஜெர்மனில் நான்கு வேற்றுமைகள். ஆங்கிலம் வழியாக வருபவர்கள் இங்கேதான் திணறுவார்கள். நமக்கு எட்டு வேற்றுமை உண்டு, அவற்றைச் சின்ன வயதிலேயே பேசிப் பழகிவிட்டோம். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "அப்பா மகனுக்குச் சாவியைக் கொடுக்கிறார்." ஜெர்மனில்: "டெர் ஃபாட்டர் கிப்ட் டேம் ஸோன் டேன் ஷ்லுஸ்ஸல்." 'டெர்' என்பது எழுவாய், நம் முதல் வேற்றுமை. 'டேம்' என்பது நம் 'கு', நான்காம் வேற்றுமை. 'டேன்' என்பது நம் 'ஐ', இரண்டாம் வேற்றுமை. மிச்சமிருக்கும் நான்காவது, 'உடைய' என்று நாம் சொல்லும் ஆறாம் வேற்றுமை. தமிழில் பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டுவது, ஜெர்மனில் அதற்கு முன்னால் நிற்கும் சின்னச் சொல்லில் மாறுகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

இதனால் என்ன பயன்? "மகனுக்கு அப்பா சாவியைக் கொடுக்கிறார்" என்று மாற்றிச் சொன்னாலும் தமிழில் யார் யாருக்குக் கொடுத்தார் என்பது குழம்பாது. ஜெர்மனிலும் 'டேம் ஸோன்' என்பதை முன்னால் கொண்டுவந்தாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் பெயர்களை இப்படி இடம் மாற்றிப் பாருங்கள், மகன் அப்பாவுக்குக் கொடுப்பதாக ஆகிவிடும்.

இன்னொன்று. 'பள்ளியில் இருக்கிறேன்', 'பள்ளிக்குப் போகிறேன்' என்று இருப்பதற்கும் போவதற்கும் நாம் உருபை மாற்றுகிறோம். ஜெர்மனும் மாற்றும். 'இன் டெர் ஷூலெ' என்றால் பள்ளியில், 'இன் டீ ஷூலெ' என்றால் பள்ளிக்குள் போவது. எங்கள் வகுப்பில் மற்ற மாநிலத்துத் தோழிகள் இதற்கு அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, நான் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்து எழுதிவிடுவேன்.

அடுத்தது வினைச்சொல். ஜெர்மனில் தனி வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். ஆனால் 'ஏனென்றால்', 'என்று' மாதிரியான இணைப்பு வந்துவிட்டால் அது வாக்கியத்தின் கடைசிக்கு ஓடிவிடும். "வைல் இஷ் ஹொய்ட்டெ நாஹ் கிருஷ்ணகிரி ஃபாரெ." 'வைல்' என்பதுதான் 'ஏனென்றால்'. மிச்சத்தைச் சொல்லுக்குச் சொல் பாருங்கள்: நான், இன்று, கிருஷ்ணகிரிக்கு, போகிறேன். நம் வரிசையேதான்! 'வேண்டும்', 'முடியும்' என்று வந்தாலும் முக்கிய வினை கடைசியில் போய் நிற்கும். "இஷ் முஸ் ஹொய்ட்டெ நாஹ் கிருஷ்ணகிரி ஃபாரென்": நான் இன்று கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டும்.

கூட்டுச்சொற்களைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். கையுறைக்கு அங்கே 'ஹண்ட்ஷூ', அதாவது கைச்செருப்பு. மருத்துவமனைக்கு 'கிராங்கன்ஹவுஸ்', நோயாளிகள் வீடு. நாமும் 'மனை' என்றுதானே வைத்திருக்கிறோம்? நீளமான சொல் வந்தால் புணர்ச்சி பிரிப்பது போலப் பின்னாலிருந்து பிரியுங்கள். கடைசித் துண்டுதான் தலைமைச் சொல்.

படி 3: பால், இங்கே தமிழ் உதவாது

ஜெர்மனில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் பால் உண்டு: டெர் ஆண்பால், டீ பெண்பால், டஸ் மூன்றாவது, நம் ஒன்றன்பால் மாதிரி. மேசை ஆண்பால், கதவு பெண்பால், சன்னல் ஒன்றன்பால். சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல்லும் ஒன்றன்பால்தான், அதன் கடைசியில் இருக்கும் 'ஷென்' என்ற சிறுமை விகுதி எந்தச் சொல்லில் ஒட்டினாலும் அப்படி ஆக்கிவிடும். நமக்குப் பொருளைப் பார்த்துப் பால் சொல்லித்தான் பழக்கம். அதனால் இது உழைப்பால் மட்டுமே வரும்.

மூன்று நிறப் பேனா வாங்குங்கள். புதுச் சொல்லை ஒருநாளும் தனியாக எழுதாதீர்கள், டெர், டீ, டஸ் சேர்த்தே எழுதி, சேர்த்தே சொல்லுங்கள். 'உங்', 'ஹைட்', 'கைட்' என்று முடியும் சொற்கள் பெண்பால் என்பதை நினைவில் வைத்தால் நூற்றுக்கணக்கான சொற்கள் ஒரே அடியில் வசமாகும்.

படி 4: எங்கே, எப்படிக் கற்பது?

கையில் போன் இருந்தால் இன்றே தொடங்கலாம். ஜெர்மனியின் பொது ஒலிபரப்பான டாய்ச்செ வெலெ, 'நிக்கோஸ் வேக்' என்ற காணொளிப் பாடத்தை ஏ1 முதல் பி1 வரை இலவசமாகத் தருகிறது. நிதானமாக வாசிக்கப்படும் செய்தியும் அங்கே உண்டு. ஏ2 முடிந்ததும் அதைத் தினமும் கேளுங்கள்.

நேர் வகுப்பு வேண்டுமென்றால் மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் கதே நிறுவனம் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் பெங்களூர்தான் பக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், ஓசூரிலிருந்து 40. இணையவழி வகுப்பும் உண்டு. தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் இருக்கும், தேர்ச்சிக்கு 100க்கு 60.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நான் சேர்ந்த ஒரு தனியார் பயிற்சி மையத்தில் ஏ1 தேர்வுக்கு வரும் கடிதங்களையும் பதில்களையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். வாராவாரம் விடியற்காலை பஸ் பிடித்துப் போனேன், தேர்ச்சியும் பெற்றேன். கல்லூரியில் முதல் வாரம் ஆசிரியர் "நேற்று என்ன செய்தாய்?" என்று ஜெர்மனில் கேட்டபோது என்னால் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. அப்பா மாங்காய் விற்று அனுப்பிய பணம் அது. அதனால்தான் சொல்கிறேன்: பணம் கட்டும் முன் ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள். மாணவர்கள் வாய் திறந்து தப்பும் தவறுமாகவாவது பேசுகிறார்களா என்று கவனியுங்கள். பேசவில்லையென்றால் வேறு இடம் தேடுங்கள்.

படி 5: பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது

டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் டெல்லி பல்கலைக்கழகமும், ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும் ஜெர்மனில் பி.ஏ. நடத்துகின்றன. முன்பே ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எழுத்திலிருந்தே தொடங்குவார்கள். டெல்லியின் இரண்டுக்கும் 'கியூட்' நுழைவுத்தேர்வு வழியாகத்தான் சேர்க்கை. அந்தத் தேர்வை நடத்தும் 13 மொழிகளில் தமிழும் ஒன்று. ஆனால் எந்தத் தாள்களை எழுத வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள், நம் பிள்ளைகள் பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

என் பரிந்துரை மத்தியப் பல்கலைக்கழகங்கள்தான். கட்டணம் குறைவு, விடுதி உண்டு, நூலகம் பெரிது. சென்னையிலிருந்து டெல்லிக்கு இரண்டு ராத்திரி ரயில், வீட்டில் தயங்குவார்கள். எங்கள் அம்மா, "அவ்வளவு தூரம் போயி யாருகிட்டடி பேசுவ?" என்று கேட்டார். ஒரு மாதத்தில் விடுதியில் தமிழ்ப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்துவிட்டோம்.

நேராக ஜெர்மனிக்கே போய்விடலாமா என்று கேட்பவர்களுக்கு: பி.ஏ.வை இங்கே முடித்துவிட்டு எம்.ஏ.வுக்குப் போவதே நல்லது. அங்கே ஜெர்மன் இலக்கியம் படிக்கப் பொதுவாக சி1 அளவு மொழி வேண்டும், பிளஸ் டூ மட்டும் முடித்தவர்களுக்குச் சேர்க்கை விதிகளும் கடினம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை; பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலமோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1500 யூரோ வாங்குகிறது. ஆனால் வாழ்க்கைச் செலவுக்கு ஓராண்டுத் தொகையை, மாதம் குறிப்பிட்ட அளவே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது. விசாவுக்கு, நம் கல்விச் சான்றுகள் சரியானவை என்று உறுதிசெய்யும் ஏ.பி.எஸ். சான்றிதழும் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் உதவித்தொகை அறிவிப்புகளை இரண்டாம் ஆண்டிலிருந்தே பார்த்து வாருங்கள்.

படி 6: இலக்கியத்துக்குள் போவது

முதல் ஆண்டு முழுக்க மொழிதான். பிறகு திடீரென்று கதையும் கவிதையும் கையில் கொடுப்பார்கள். அப்போது அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடாதீர்கள். முதல் வாசிப்பில் வினைச்சொற்களுக்கு மட்டும் கோடு போடுங்கள். எது எந்த வாக்கியத்தின் முடிவு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெயர்ச்சொற்கள் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும் என்பதால் அவை தானே கண்ணில் படும். இரண்டாம் வாசிப்பில்தான் அகராதி.

பல்கலைக்கழக வாசிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். பிராகில் பிறந்து ஜெர்மனில் எழுதிய காஃப்கா 1915இல் வெளியிட்ட 'உருமாற்றம்' கதையின் முதல் வாக்கியத்தில், கிரெகோர் சாம்சா காலையில் எழும்போது ஒரு 'உன்கெட்ஸீஃபர்' ஆக மாறியிருக்கிறான். பலர் இதைக் கரப்பான்பூச்சி என்றே நினைக்கிறார்கள். அந்தச் சொல் எந்தக் குறிப்பிட்ட பூச்சியையும் சொல்வதில்லை. தொல்லை தரும் சிற்றுயிர்களுக்குப் பொதுப் பெயர் அது, பழைய ஜெர்மனில் பலியிடத் தகாத, தூய்மையற்ற விலங்கு என்று பொருள். அட்டைப்படத்தில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது என்று காஃப்கா பதிப்பகத்துக்கு எழுதியும் இருக்கிறார். அப்படியானால் தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது? பூச்சியா, புழுவா, பீடையா? இந்த ஒரு சொல்லுக்காக எங்கள் வகுப்பில் இரண்டு மணி நேரம் பேசினோம். அன்றைக்குத்தான் இந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போனது.

1200ஆம் ஆண்டுவாக்கில் எழுதப்பட்ட நீபெலுங்கன் காப்பியம் போன்ற பழைய ஜெர்மன் வந்தால் வகுப்பே மிரளும். இன்றைய ஜெர்மானியருக்கும் அது உரை இல்லாமல் புரியாது. அதியமானை ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டைப் பதவுரை, பொழிப்புரையோடு பள்ளியில் படித்தவர்கள் நாம், அதுவும் அதியமான் ஆண்ட தகடூர்க்காரர்கள். அதே முறையில் படியுங்கள்: சொல்லுக்குப் பொருள், பிறகு கொண்டுகூட்டு, பிறகு கருத்து.

மூன்றாம் ஆண்டில் சிறு ஆய்வு எழுதச் சொல்வார்கள். அப்போது நம் பக்கத்திலிருந்தே தலைப்பு எடுங்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் என்ற ஜெர்மானியர், பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716இல் ஜெர்மனியின் ஹாலெ நகரில் அச்சாகியது. கார்ல் கிரௌல் 1856இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். கிரௌலின் பக்கத்தைத் திறந்து, உங்களுக்கு மனப்பாடமான பத்துக் குறளோடு வைத்துப் பாருங்கள். 'அறம்' வரும் இடத்தில் எல்லாம் அவர் ஒரே சொல்லைத்தான் போடுகிறாரா, இடத்துக்கு இடம் மாற்றுகிறாரா என்று நோட்டில் இரண்டு பத்தியாகக் குறித்துக்கொண்டு போங்கள். அந்த நோட்டோடு ஆசிரியரிடம் போனால் தலைப்பு கிடைத்துவிடும்.