தோட்டத்தில் மரத்தளம் அமைக்கும் முறை

தோட்டத்தில் போடும் மரத்தளம் பாரம் தாங்காமல் முறிவது அரிது. பெரும்பாலும் அது ஈரத்தில் ஊறி மட்கியே வீணாகிறது. மரத்தின் உலர்ந்த எடையோடு ஒப்பிட அதிலுள்ள ஈரம் 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்கும்வரை, மட்கச்செய்யும் பூஞ்சை அதில் பரவுவதில்லை. ஆகவே மழை ஓய்ந்தபின் தண்ணீர் எங்கே நிற்கும், அது வடிய வழி உண்டா, அடியில் காற்று புகுமா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

இங்கே 12 அடி நீளமும் ஏறத்தாழ 10 அடி அகலமும் உள்ள, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நிற்கும் தளத்தை எடுத்துக்கொள்வோம். அதை வீட்டுச் சுவரோடு பிணைக்காமல் தன் கால்களிலேயே நிற்கவிடுவது நல்லது. சுவரில் சட்டத்தை முடுக்கினால் போல்ட் துளைகளின் வழியே ஈரம் உள்ளே இறங்கும். அரை அங்குலம் விலகி நின்றால் அந்தக் கவலையே இல்லை. தளத்தின் மேற்பரப்பு, நிலத்தின் ஈரம் மேலேறாமல் சுவரில் வைத்திருக்கும் ஈரத்தடுப்புப் படலத்துக்குக் குறைந்தது 6 அங்குலம் கீழே அமைய வேண்டும். இரண்டடிக்கு மேல் உயரும் தளத்துக்குக் கைப்பிடிச் சட்டம் தேவை என்பதோடு, பாரக் கணக்கையும் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிடுவதே முறை.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரைவிட வைரம், அதாவது நடுவிலுள்ள முற்றிய கெட்டி மரம், எவ்வளவு இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். தேக்கேயானாலும் அதன் வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்நிற இளமரம், கரையானுக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாகிவிடும். வைர மரம் கட்டுப்படியாகாதபோது, அழுத்தத்தில் மருந்தேற்றிய பைன் மரம் நல்ல மாற்று. அந்த மருந்து பெரும்பாலும் செம்பு கலந்தது என்பதால் சாதாரண இரும்பு ஆணிகளை அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையோ, தடித்த துத்தநாகப் பூச்சுள்ளவற்றையோதான் பயன்படுத்த வேண்டும். மிஞ்சும் துண்டுகளை அடுப்பில் எரிக்கக் கூடாது, ஏனெனில் அந்தப் புகையும் சாம்பலும் நஞ்சு.

அகலத்தை முடிவுசெய்யும் முன் பலகைகளை எண்ணிப் பார்ப்பது பின்னால் பெரும் தொல்லையை மிச்சப்படுத்தும். 125 மி.மீ. அகலமுள்ள 23 பலகைகளும், அவற்றுக்கிடையே 5 மி.மீ. வீதம் 22 இடைவெளிகளும் சேர்ந்து 2,985 மி.மீ. வருகின்றன, சட்டத்தை அந்த அளவுக்கே கட்டினால் கடைசியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பலகையைக் கிழித்துப் பொருத்த நேராது.

முளைக்குச்சிகளை அடித்து நூல் கட்டியபின், ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் அளந்து குறித்து, அந்த இரண்டு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மூலை சதுரம். எதிரெதிர் மூலைகளுக்கிடையிலான இரண்டு குறுக்களவுகளும் சமமாக இருப்பது இறுதிச் சோதனை. பிறகு புல்லையும் வேரோடு கூடிய மேல்மண்ணையும் நீக்கி, நீர் புகும் களைத்தடுப்புத் துணியை விரிக்க வேண்டும். பிளாஸ்டிக் தாளை விரிப்பவர்கள் தளத்துக்கடியில் ஒரு குளத்தையே வெட்டிக்கொள்கிறார்கள்.

தூண்கள் மூன்று வரிசையாக, வரிசைக்கு மூன்றாக ஒன்பது வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓரடிச் சதுரத்தில் இரண்டடி ஆழக் குழி எடுத்து, அடியில் 4 அங்குலத்துக்கு ஜல்லியை இட்டுக் கெட்டித்து, மேலே கான்கிரீட் நிரப்ப வேண்டும். நிலம் உறையும் குளிர்ப்பகுதிகளில் உறைநிலை எட்டாத ஆழம்வரை தோண்ட வேண்டும். தூணைக் கான்கிரீட்டுக்குள் புதைப்பது பலரும் செய்யும் பிழை: மரம் சுருங்கியதும் உண்டாகும் விளிம்பு இடுக்கில் மழைநீர் இறங்கி, வெளியேற வழியின்றி அடிமரத்தை அழுகச் செய்யும். அதற்குப் பதிலாக, கான்கிரீட் இளகியிருக்கும்போதே உலோகத் தூண் பாதத்தைப் பதித்து, தூணின் அடி கான்கிரீட்டிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி நிற்குமாறு அமைக்க வேண்டும். கான்கிரீட்டை ஏழு நாள் ஈரமாக வைத்தபின்னரே பாரம் ஏற்றலாம்.

தூண்களின் தலையை அறுக்கும்முன் மட்டக்குழாயால் (நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தைக் குறித்துக்கொண்டு, வீட்டிலிருந்து விலகும் திசையில் நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டம் (சரிவு) கொடுக்க வேண்டும். 12 அடிக்கு அது ஏறத்தாழ ஒன்றரை அங்குலம். இந்த 12 அடி வாக்கில் மூன்று உத்தரங்களும், தூண்களின் பக்கவாட்டில் போல்ட்டை நம்பித் தொங்காமல், தலைமேலேயே முழுதாக உட்கார வேண்டும். அவற்றின் குறுக்கே 2க்கு 6 அங்குலச் சட்டங்கள் பத்தை, 16 அங்குலத்துக்கு ஒன்றாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு சட்டத்தையும் கண்ணுக்கு நேரே நீளவாக்கில் பிடித்துப் பார்த்தால் அதன் கூன் தெரியும். அந்தக் கூன் பக்கம் மேலே இருக்குமாறு வைத்தால் பாரம் ஏற ஏறச் சட்டம் நேராகிவிடும். பக்கம் சாயாமலிருக்க, நடு உத்தரத்தின் மேல் சட்டங்களுக்கிடையே முட்டுக்கட்டைகளைப் பொருத்த வேண்டும். சட்டங்களின் மேல்முகத்தில் தார் ஒட்டுப்பட்டையை ஒட்டுவது சிறு வேலை, ஆனால் திருகாணித் துளைகளில் நீர் இறங்குவதைத் தடுப்பது அதுவே. அறுத்த ஒவ்வொரு முனையிலும் மரக்காப்பு மருந்தைத் தாராளமாகப் பூச வேண்டும், ஏனெனில் மரம் தண்ணீரைக் குடிப்பது முனையின் வழியேதான்.

பலகைகளை வாட்டத்தின் திசையிலேயே ஓடவிட்டு, 5 மி.மீ. தடிமனுள்ள தகட்டுத் துண்டை இடையே செருகி இடைவெளியைச் சீராக வைத்துக்கொள்ளலாம். மரம் ஈரமாக வந்திருந்தால் 3 மி.மீ. போதும், காயும்போது இடைவெளி தானே விரியும். பலகையும் சட்டமும் சந்திக்கும் இடந்தோறும் இரண்டு திருகாணிகள் வேண்டும். அவற்றின் நீளம் பலகையின் தடிமனைப் போல இரண்டரை மடங்கு. வைர மரத்திலும் பலகை முனைகளிலும் முன்கூட்டியே துளையிடாவிட்டால் பிளவு நிச்சயம். திருகாணியின் தலை பலகையோடு சமமாக நின்றால் போதும், உள்ளே அமிழ்த்தினால் ஒவ்வொரு தலைமேலும் ஒரு சொட்டு நீர் தங்கும்.

பூச்சுக்கு வார்னிஷைவிட எண்ணெயே ஏற்றது. வார்னிஷ் படலமாக நின்று வெடித்து உரிந்து, ஈரத்தை உள்ளே சிறைபிடிக்கும். பலகையில் சில துளி நீர் விட்டு, அது உறிஞ்சப்பட்டால் எண்ணெய் பூசலாம், முத்தாக நின்றால் இன்னும் காத்திருக்க வேண்டும். வெயிலில் மரம் சாம்பல் நிறமாவது மேற்பரப்பு மாற்றமே, பலவீனம் அன்று. ஆண்டுக்கு ஒருமுறை இடைவெளிகளில் அடைந்த இலைச் சருகுகளைச் சுரண்டி எடுத்து, தூண்களின் அடியையும் பலகை முனைகளையும் திருப்புளி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். முனை எளிதாக இறங்கும் இடத்தில் மட்கல் தொடங்கிவிட்டது. அந்தத் துண்டை மாற்றுமுன் தண்ணீர் அங்கே எப்படி வந்தது என்பதைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.