கொழும்பு வீதிக்கு ஏற்ற எஸ்யூவியைத் தெரிவு செய்வது எப்படி?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியதிலிருந்து, விற்பனை நிலையங்களில் நிற்கும் எஸ்யூவிகளின் கண்ணாடிகளில் லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்ற எண்ணே பெரிதாக ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த எண்ணை நம்புவதற்கு முன், அது எந்தச் சோதனையில் பெறப்பட்டது என்று கேளுங்கள். ஜப்பானின் பழைய ஜேசி08 முறையில் கிடைத்த எண்கள், 2017க்குப் பின் அங்கு வழக்கத்துக்கு வந்த டபிள்யூஎல்டிசி முறையின் எண்களைவிடப் பொதுவாக உயர்ந்திருக்கும் என்பதால், இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடக்கூடாது. புதிய முறையில் நகரம், புறநகர், அதிவேகப் பாதை என மூன்று எண்கள் தனித்தனியே தரப்படுகின்றன. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய் வருபவருக்கு நகர எண் ஒன்றே போதும்.

அடுத்து, உற்பத்தியாளர் எரிபொருளை எவ்வழியில் மிச்சப்படுத்தியிருக்கிறார் என்று பாருங்கள். டொயோட்டாவின் சிறிய எஸ்யூவியான ரெய்ஸில் 2019இல் வந்த 1 லீற்றர் ரேர்போ பெற்றோல் எஞ்சின், முன்சக்கர இயக்கத்தில், டபிள்யூஎல்டிசி முறைப்படி லீற்றருக்கு 18.6 கிலோமீற்றர் ஓடுவதாகக் குறிக்கப்பட்டது. 2021இல் வந்த 1.2 லீற்றர் ஹைபிரிட்டுக்கு அதே முறையில் 28.0 கிலோமீற்றர். உடல் ஏறத்தாழ ஒன்றுதான். இந்த ஹைபிரிட்டில் எஞ்சின் மின்சாரம் உற்பத்தி செய்ய மட்டுமே இயங்க, சக்கரங்களை மோட்டர் சுழற்றுகிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதியும் பற்றரிக்குத் திரும்புகிறது. காலி வீதியில் நூறு மீற்றருக்கு ஒருமுறை பிரேக் பிடிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை.

வாகனம் நிற்கும்போது எஞ்சினைத் தானாக நிறுத்தும் வசதி மட்டும் உள்ள சாதாரண பெற்றோல் வாகனத்தை ஹைபிரிட் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். அதன் ஏசி கொம்பிரசர் எஞ்சினின் பெல்ட்டால் இயங்குவதால், பம்பலப்பிட்டிச் சமிக்ஞையில் மதிய வெயிலில் நிற்கையில் உள்ளே வெப்பம் ஏறி எஞ்சின் மீண்டும் ஓடத் தொடங்கும். மோட்டரால் மட்டுமே நகரக்கூடிய முழு ஹைபிரிட்டுகளில் கொம்பிரசர் மின்சாரத்தில் இயங்குவதே வழக்கம். பரீட்சார்த்த ஓட்டத்தை நெரிசல் நேரத்தில், ஏசியைப் போட்டுக்கொண்டு கேளுங்கள். பழைய ஹைபிரிட் ஆயின், பின் இருக்கையின் கீழோ அருகிலோ உள்ள பற்றரிக் காற்று நுழைவாயிலைத் தொட்டுப் பாருங்கள். தூசும் முடியும் அடைந்திருந்தால் பற்றரி வெப்பத்தில் வாடியிருக்கக்கூடும்.

டீசல் எஸ்யூவியை விரும்புவோர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புகைத் துகள்களைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி, அத்துகள்களை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள, சீரான வேகத்தில் நீண்ட நேரம் ஓடி வெளியேற்றக் குழாய் நன்கு சூடேற வேண்டும். கொழும்புக்குள் மட்டும் சிறு தூரம் ஓடினால் அது அடைபடும். அடைபட்டதும் அதைக் கழற்றி எறியச் சொல்லும் கராஜ்களும் உண்டு. அதற்கு இணங்கினால் உற்பத்தியாளர் குறைத்த கரித்துகள் முழுதும் மீண்டும் வீதிக்கே வந்துவிடும். தெற்கு அதிவேகப் பாதையில் அடிக்கடி செல்பவர் டீசலை வாங்கலாம், மற்றவர் தவிர்ப்பதே நல்லது.

ஆண்டுதோறும் வருமான உத்தரவுப்பத்திரத்துக்காகப் பெறும் புகைச் சான்றிதழை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அச்சோதனை டீசலில் புகையின் அடர்த்தியையும், பெற்றோலில் காபன் மொனொக்சைட்டு, ஐதரோகாபன் ஆகியவற்றையும் அளக்கிறது. நைதரசன் ஒக்சைட்டுகளையோ எரிபொருள் செலவையோ அது சொல்லாது.

வாங்கிய பின், ரயர் காற்றழுத்தத்தைச் சாரதியின் கதவோரத்தில் ஒட்டியுள்ள அளவுக்கு வைத்து, தாங்கியை நிரப்பி ஓடுங்கள். அடுத்த முறை அதே பம்பில், முனை தானாக நின்றதும் நிறுத்தி, ஓடிய கிலோமீற்றரை ஊற்றிய லீற்றரால் வகுங்கள். மூன்று, நான்கு முறை நிரப்பியபின் எடுத்த சராசரியே உங்கள் வாகனத்தின் உண்மையான எண். திரையில் தெரியும் கணக்கு அதைவிடச் சற்றுத் தாராளமாகவே இருப்பதுண்டு.