மூன்றாம் வருடத்தை மறந்துவிட்டு போன் வாங்காதீர்கள்

எங்கள் சித்தப்பா மூன்று வருடத்துக்கு முன்பு தனியாகக் கடைக்குப் போய் ஒரு போன் வாங்கி வந்தார். “எட்டு ஜிபி ராம்டா, ஒன்பதாயிரம்தான்” என்று சந்தோஷமாக டப்பாவைக் காட்டினார். அதில் சிறிய எழுத்தில் 4+4 என்று போட்டிருந்தது. இன்றைக்கு மளிகைக் கடையில் பணம் அனுப்ப ஜிபேயைத் திறந்தால் திரை வெள்ளையாகவே நிற்கிறது. பின்னால் ஆள் காத்திருப்பது சங்கடமாக இருக்கிறதென்று இப்போதெல்லாம் பழையபடி சில்லறை எடுத்துக்கொண்டு போகிறார். அந்த போனில் எந்தப் பழுதும் இல்லை. வாங்கிய அன்று செய்த தவறு இப்போதுதான் வெளியே தெரிகிறது.

எந்தப் புது போனும் முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் ஓடும். கடையில் நாலு முறை திரையைத் தள்ளிப் பார்த்து “சூப்பரா போகுதே” என்று முடிவெடுப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

முதலில் அந்த 4+4. ராம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஆப்புகளைத் தாங்கும் வேகமான தற்காலிக நினைவகம், ஸ்டோரேஜ் என்பது படங்களும் ஆப்புகளும் நிரந்தரமாக இருக்கும் இடம். இதில் உண்மையான ராம் 4 ஜிபி மட்டும்தான். மீதி 4 ஜிபி, போனின் ஸ்டோரேஜிலிருந்து வெட்டி எடுத்த இடம். ஸ்டோரேஜ் ஒருநாளும் ராம் வேகத்துக்கு வராது. பின்னணியில் இருக்கும் ஆப்பைக் கொஞ்ச நேரம் உயிரோடு வைத்திருக்க உதவும், அவ்வளவுதான். கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். இன்றைய நிலையில் அது 6 இருந்தால் சமாளிக்கலாம், 8 இருந்தால் நிம்மதி.

ராமையாவது கேட்கிறார்கள், ஸ்டோரேஜ் என்ன வகை என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. விலை குறைந்த போன்கள் தளர்ந்து போவதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். இஎம்எம்சி, யுஎஃப்எஸ் என்று இரண்டு வகை உண்டு. இஎம்எம்சி ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும். இரண்டையும் சேர்த்துச் செய்யாது. யுஎஃப்எஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும். பின்னணியில் வாட்ஸ்அப் பேக்அப் ஓடும்போதோ பிளே ஸ்டோர் ஏதாவது ஆப்பை அப்டேட் செய்யும்போதோ சில போன்கள் கல்லாட்டம் நின்றுவிடுவது இதனால்தான். விவரப் பட்டியலில் யுஎஃப்எஸ் 2.2 என்றாவது இருக்கட்டும். வெறும் ‘128 ஜிபி’ என்று மட்டும் போட்டிருந்தால் வகையைத் தேடித் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

64 ஜிபி வேண்டவே வேண்டாம். அதில் ஒரு நல்ல பங்கை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும். மீதியைக் குடும்பக் குரூப்பில் வரும் வீடியோக்கள் ஒரே வருடத்தில் நிரப்பிவிடும். ஸ்டோரேஜ் நிறைய நிறைய போனின் வேகமும் குறையும். “மெமரி கார்டு போட்டுக்கலாம்” என்று கடைக்காரர் சொன்னால் சிம் டிரேயை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பல போன்களில் இரண்டாவது சிம்முக்கும் கார்டுக்கும் ஒரே இடம்தான்.

அடுத்தது அப்டேட். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் வங்கி ஆப்பையும் யுபிஐயையும் வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அந்த போனில் யாரும் அடைக்கப் போவதில்லை. இதில் ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. ‘மூன்று வருட அப்டேட்’ என்றால் அந்தக் கணக்கு பொதுவாக அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. தள்ளுபடி விலையில் கிடைக்கிறதே என்று ஒன்றரை வருடப் பழைய மாடலை வாங்கினால் பாதிக் காலம் ஏற்கனவே போய்விட்டது. நீண்ட அப்டேட் விலை உயர்ந்த போன்களுக்கு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 போன்றவற்றுக்கு ஏழு வருடம் என்று அறிவித்தார்கள், சரி. ஆனால் 2024-ல் வந்த சாம்சங்கின் கேலக்ஸி ஏ16 5ஜி என்ற நடுத்தர போனுக்கும் ஆறு வருடம் அறிவித்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு அந்த போனைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. இந்த விலையிலும் இது முடியும் என்று தெரிந்தால், மற்றவற்றிலும் கேட்கலாம்.

போனின் மூளையான சிப் விஷயத்தில் எண் பெரிதாக இருந்தால் புதிது என்று நம்பிவிடுகிறோம். மீடியாடெக்கின் டைமென்சிட்டி 700 பிறகு 6020 என்ற பெயரிலும், 810 பிறகு 6080 என்ற பெயரிலும் வந்தன. பெயர்தான் புதிது, சிப் ஏறக்குறைய அதேதான். குவால்காமின் ஸ்னாப்டிராகன் சிப்களில் 4, 6, 7, 8 என்ற முதல் எண்தான் தரத்தைச் சொல்லும். ‘ஜென்’ என்பது அதற்குள் எத்தனையாவது தலைமுறை என்பது மட்டுமே.

கேமரா பற்றி நீட்ட வேண்டியதில்லை. 50 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம்தான் கொடுக்கும், அதில் தவறும் இல்லை. எண்ணிக்கைக்காக ஒட்டியிருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த் கேமராக்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஓஐஎஸ், அதாவது கை ஆடினாலும் லென்ஸை நிலையாக வைக்கும் வசதி, இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாண மண்டபத்தில், இரவு வெளிச்சத்தில் கை நடுக்கம் படத்தில் தெரியாமல் இருக்க அதுதான் உதவும்.

5ஜி என்று டப்பாவில் எழுதியிருந்தால் எல்லா சிம்மிலும் 5ஜி வரும் என்று அர்த்தம் இல்லை. ஜியோ எஸ்ஏ முறையில், அதாவது 4ஜியைச் சாராமல் தனியாக நிற்கும் முறையில் 5ஜி தருகிறது. ஏர்டெல் 2022-ல் தொடங்கியது என்எஸ்ஏ முறையில், அதாவது 4ஜி நெட்வொர்க்கின் மேல் சாய்ந்து நிற்கும் முறையில். எஸ்ஏவை மட்டும் ஏற்கும் மலிவு போன்களும் விற்பனைக்கு வந்தன. அதில் ஏர்டெல் சிம்மைப் போட்டுவிட்டு 4ஜியிலேயே நிற்கிறதே என்று டவரைத் திட்டிப் பயனில்லை. இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐயில் வாங்குபவர்கள், முழுப் பணம் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி வேறு எங்காவது ஒளிந்திருக்கும். கிரெடிட் கார்டில் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், பிராசஸிங் கட்டணமும் தனியாக வரலாம். அப்புறம், சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலிருந்து எத்தனை பஸ் தூரம் என்பதையும், திரை உடைந்தால் மாற்ற என்ன ஆகும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி68 தரக் குறி போட்டிருந்தாலும் தண்ணீர் புகுந்தால் பெரும்பாலும் வாரண்டி கிடையாது.

இந்த முறை சித்தப்பாவோடு நானும் கடைக்குப் போனேன். போவதற்கு முன், “உங்களுக்கு போன்ல என்ன வேணும் சித்தப்பா?” என்று கேட்டேன். போன தடவை யாரும் கேட்கவில்லை. “வயல்ல நிக்கும்போது யார் கூப்பிடறாங்கன்னு தெரியணும், பஸ் ஸ்டாண்டுல பேசினா காதுல விழணும்” என்றார். அதனால் எடுத்து வைத்த மூன்று போன்களையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து மத்தியான வெயிலில் பிடித்துப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் அவருடைய சிம்மைப் போட்டு, சாலையோரம் நின்று சித்தியிடம் பேசச் சொன்னேன். விலையில் நடுவில் இருந்ததுதான் இரண்டிலும் தேறியது. பில் போடும் முன் *#06# அடித்து, திரையில் வந்த ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்குமான தனி அடையாள எண்) டப்பாவில் இருந்த எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தோம். பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றி முடித்ததும், பக்கத்துக் கடையில் இரண்டு டீ சொல்லி அவரே ஜிபேயில் பணம் அனுப்பினார்.