பாதி வழியில் நிற்கும் பகாக் காரணிகள்

கோத்தகிரியில் மாலை டியூஷனுக்கு வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் எண்ணைப் பகா எண்களின் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும், 1-ஐவிடப் பெரிய எண்களின்) பெருக்கலாகப் பிரிக்கச் சொல்வேன். நான் முதலில் கொடுக்கும் எண் 2637. தொட்டபெட்டாவின் உயரம், மீட்டரில். இலக்கங்களைக் கூட்டினால் 18, ஆகவே 3-ஆல் வகுபடும் என்று சட்டென்று பிடித்துவிடுவார்கள். 3 × 879 என்று எழுதிப் பேனாவையும் மூடிவிடுவார்கள்.

"3 ஏற்கெனவே போட்டாச்சே மிஸ்!"

போட்டால் என்ன? 8 + 7 + 9 = 24. இன்னொரு முறையும் போகும்: 3 × 3 × 293. ஒரு பகா எண்ணைப் பிடித்தால், அது இனி போகவே போகாது என்று ஆகும்வரை விடக்கூடாது. நான் திருத்தும் நோட்டுகளில் அதிகம் பார்ப்பது இந்தத் தவறைத்தான்.

293 வந்ததும் நேரெதிர்க் கூத்து. 100-ஐத் தாண்டியும் வகுத்துக்கொண்டே இருப்பார்கள். 17 வரை பார்த்தால் போதும். 19 × 19 = 361. இரண்டு காரணிகளும் 19-க்குக் குறையாமல் இருந்தால் பெருக்கினால் 361-க்குக் குறையாதே! ஒன்றாவது 17-க்குள் சிக்கியிருக்க வேண்டும். சிக்கவில்லை, அதனால் 293 பகா எண்.

வகுத்துப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்வது இன்னொரு பழக்கம். 91 இதில் பெரிய ஏமாற்றுக்காரன். ஏழாம் வாய்ப்பாட்டைப் பத்தோடு நிறுத்திவிடுகிறோம். 7 × 13 அதற்கு அப்பால் இருக்கிறது. 51, 57, 119 எல்லாம் இதே ரகம்.

மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் பாதையில் 208 வளைவுகள். ஒருத்தி காரணிச்செடியை அழகாக வரைந்தாள். கிளைநுனியில் நான்கு 2, ஒரு 13. விடையில் மட்டும் 2 × 13.

"ஏன் கண்ணு, மொத்தமே 26 வளைவுதானா?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் அடுக்கில் எழுதக் கற்றுக்கொண்டு, 2⁴-ஐ 2 × 4 என்று பெருக்கினாள். 8 × 13 = 104. ரயில் சரியாகப் பாதி வழியில் நின்றது! விடையைப் பெருக்கிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. பார்த்திருந்தால் இரண்டு முறையும் அவளே பிடித்திருப்பாள்.

அப்புறம் இந்த 1. குறிஞ்சி பூக்கும் 12 ஆண்டை 1 × 2 × 2 × 3 என்று எழுதுகிறார்கள். 1 பகா எண் அல்ல. அதைச் சேர்த்தால் 1 × 1 × 2 × 2 × 3 என்றும் எழுதலாம், ஒரே எண்ணுக்கு எத்தனை விடை வேண்டுமானாலும் வரும். பெரும்பாலும் இது வகுத்தல் முறையிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது. அங்கே கடைசியில் அடியில் நிற்கும் 1, வேலை முடிந்தது என்பதற்கு அடையாளம். இடப்பக்கம் இருக்கும், நீங்கள் வகுத்த பகா எண்களை மட்டும் எடுத்து எழுதுங்கள்.