மானாவாரிக் காட்டில் கொழுக்கட்டைப் புல் வளர்க்கும் முறை

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் போனால் முள்கிளுவை உயிர்வேலியும் வெள்வேல மரங்களுமாகக் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் காடுகளைப் பார்க்கலாம். அங்கே மாடுகளுக்கு முக்கியத் தீனி கொழுக்கட்டைப் புல்தான். நம் வறண்ட மண்ணுக்கு ஏற்ற புல். கோடையில் சருகாகக் கிடக்கும். ஒரு மழை விழுந்தால் தூரிலிருந்து துளிர்த்துவிடும்.

முதலில் விதை. கதிர் முற்றியதும் கையால் உருவினாலே வந்துவிடும். ஆனால் உடனே விதைக்காதீர்கள். புது விதைக்கு உறக்கம் உண்டு, சரியாக முளைக்காது. ஆறு முதல் எட்டு மாதம் உலர்வாக வைத்திருந்த விதையே நல்லது. ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ போதும்.

புரட்டாசிக்குள் இரண்டு உழவு ஓட்டிவிடுங்கள். நிலம் சரிவாக இருந்தால் சரிவுக்குக் குறுக்கேதான் ஓட்ட வேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தை விட்டுவிடுங்கள், அங்கே இந்தப் புல் நிற்காது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது விதைக்கலாம். விதையைச் சுற்றி மயிர் போன்ற சுணை இருப்பதால் காற்றில் பறக்கும். அதனால் ஈர மணலோடு பிசைந்து, 50 செ.மீ. இடைவெளியில் வரிசையாகத் தூவுங்கள். மேலே லேசாக மண் மூடினால் போதும். ஆழத்தில் புதைந்தது வெளியே வராது. கூடவே நரிப்பயறோ முயல் மசாலோ போன்ற பயறுவகைத் தீவனம் கலந்து விட்டால் தீனியில் புரதம் கூடும்.

வரப்பிலும் மண் அரிக்கும் ஓரங்களிலும் விதையை நம்ப வேண்டாம். மழை அடித்துக்கொண்டு போய்விடும். பழைய தூரைப் பிரித்து, ஈரம் இருக்கும்போது ஓர் அடிக்கு ஒன்றாக நடுங்கள். தூர் பருத்து நெருங்கியதும் ஓடும் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும், வண்டலும் அங்கேயே தங்கும்.

அப்புறம், எல்லாவற்றையும்விட முக்கியமானது: முதல் ஆண்டு மாட்டை உள்ளே விடாதீர்கள். பச்சையைப் பார்த்ததும் ஆசை வரத்தான் செய்யும். வேர் ஆழமாகப் பிடிக்காத புல்லை மாடு கடித்து இழுத்தால் தூரோடு வந்துவிடும். தீனி தேவைப்பட்டால் 70, 75 நாளில் அறுத்துப் போடுங்கள். அரை அடித் தாளை விட்டு அறுக்க வேண்டும். கொஞ்சம் கதிரை முற்றவிட்டால் விதை தானே உதிர்ந்து வெற்றிடங்களை நிரப்பும்.

இரண்டாம் ஆண்டிலிருந்து காட்டை மூன்று நான்கு பகுதியாகத் தடுத்து, மாற்றி மாற்றி மேயவிடலாம். மேய்ந்து மேய்ந்து புல் நான்கு விரல் உயரத்துக்குக் குறைந்ததும் மாட்டை அடுத்த பகுதிக்கு ஓட்டிவிடுங்கள்.