அம்பாசிடர் திடீரென நின்றால் முதலில் ரோட்டரைப் பாருங்கள்

பழைய பெட்ரோல் அம்பாசிடர் ஓடிக்கொண்டிருக்கையில் சட்டென நின்று, அடியில் ஆயிலும் சொட்டினால், மறுபடி ஸ்டார்ட்டரை அழுத்தாமல், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, சாவியை அணைத்து நான்காவது கியரில் போட்டு, ஒருவர் வண்டியை மெல்லத் தள்ள, மூடிக்குள் இருக்கும் சிறு சுழல்துண்டான ரோட்டர் சுழல்கிறதா என்று பாருங்கள்.

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அந்த 1489 சி.சி. எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரும் ஆயில் பம்பும் வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்டிலிருந்தே இயக்கம் பெறுகின்றன. கேம்ஷாஃப்டைச் சுழற்றுவது டைமிங் செயின். எனவே எஞ்சின் சுழன்றும் ரோட்டர் அசையவில்லையென்றால், காயிலையும் கார்புரேட்டரையும் பிரித்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. அப்போது ஆயில் ஊற்றும் துவாரம் வழியே வால்வை அழுத்தும் கையான ராக்கர் அசைவதைக் கண்டால் பழுது டிஸ்ட்ரிபியூட்டரை இயக்கும் பகுதியில் இருக்கிறது. அதுவும் அசையாவிட்டால் செயின் அறுந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

கசிவைப் பொறுத்தவரை, சொட்டும் இடத்தை நம்பாதீர்கள். ஃபேன் காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளுவதால், துடைத்துவிட்டு, ஈரம் தெரியும் மிக உயரமான இடத்தைத் தேடுவதே சரி. அது ராக்கர் மூடியின் கேஸ்கெட்டாக இருந்தால், எஞ்சின் நின்றதற்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை.

தள்ளும்போது சக்கரங்கள் பூட்டிக்கொண்டாலோ, எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் ஓட்டை தெரிந்தாலோ இந்தச் சோதனையை உடனே நிறுத்தி, வண்டியைக் கட்டி இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாத டீசல் அம்பாசிடருக்கு இது பொருந்தாது.